திரும்பும் வழி

இரவு பதினொன்றே முக்கால். பேரளியைத் தாண்டிவிட்டால் அரியலூர் ரோட்டில் நாய்கூடக் குறுக்கே வராது. அந்த ரோட்டில் தனியாக பைக்கை விரட்டிக்கொண்டு போனான் பிரசாத். நம் வகுப்பு ஆர்த்தியின் பெரியப்பா மகன். அவள் சொன்னபடியே சொல்கிறேன்... வரிசை தப்பினால் தவறு என்னுடையது.

அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பெரம்பலூரில் வீட்டிலிருந்தபடியே பார்ப்பது அவன் வேலை. மாடிக்கொரு சுவிட்ச் பெட்டி, பெட்டிகளுக்கிடையே ஒரே கம்பி. அதற்குள் பில்லிங்குக்குத் தனி, லேபுக்குத் தனி, பச்சைக் குழந்தைகள் வார்டுக்குத் தனி என்று வி-லேன்கள். ஒன்றின் சங்கதி இன்னொன்றுக்குப் போகாது.

இப்படிப் பிரித்து வைத்தவர் ஏலாக்குறிச்சி சவரிராஜ். எதையும் தொடுவதற்கு முன் மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, நீள நோட்டில் கட்டம் கட்டமாக எழுதுவார்: தேதி, பெயர், இடம், கடைசியாகத் 'திரும்பும் வழி'. தப்பாகிவிட்டால் பழையபடி வருவது எப்படி என்பது அதில் இருக்கும். யோசிக்கும்போது பேனாவை டிக்... டிக்... என்று அழுத்திக்கொண்டே இருப்பார்.

"வாட்ச்மேன் மாதிரி நோட்டு எழுதுது பாரு பெருசு. நமக்குத் திரும்பிப் பாக்குற பழக்கமே கெடையாது" என்பான் பிரசாத்.

போன வருஷம் இதே ரோட்டில் டிப்பர் லாரி அடித்து சவரிராஜ் செத்துப்போனார். அவர் வேலை பிரசாத்துக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் சுவிட்ச் பெட்டி வைத்த இரும்பு ரேக் ஆடிக்கொண்டிருந்தது; அதற்கு அவர் நோட்டை முட்டுக் கொடுத்தான்.

அன்று ஸ்கேன் அறைக்குப் புதிதாக நாற்பதாம் வி-லேன் சேர்க்க வேண்டும். 'ஆட்' என்று ஒரு வார்த்தை அடித்து நாற்பது என்று போட்டால், பழையவற்றோடு அதுவும் சேரும். அந்த வார்த்தையை விட்டால் பழையவை எல்லாம் போய் நாற்பது மட்டும் நிற்கும். நம் மகராசன் பிரசாத் அதை விட்டுவிட்டான். வீட்டிலிருந்து அவன் உள்ளே போயிருந்த பாதையும் சேர்ந்து அறுந்தது; இனி நேரில் போனால்தான் உண்டு. குழந்தைக்கு மூச்சுத் திணறினால் நர்ஸ் மேஜையில் அலறும் மணியும் போச்சு. வார்டில் நான்கு குழந்தைகள்.

பத்து நிமிடத்தில் நீயாக அணைந்து எழு என்று சுவிட்சுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தால், சேமிக்காத மாற்றம் அழிந்து பழையது வந்திருக்கும். அதெல்லாம் பெருசுகள் செய்கிற வேலையாயிற்றே!

பேரளி தாண்டியதும் பைக்கின் பின் சீட் ஒருமுறை அழுந்தியது. மூக்குப்பொடி நெடி. காதுக்குப் பின்னால்... டிக். டிக்.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் பழக்கம்தான் கிடையாதே.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஷைனி உட்கார்ந்திருந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான்.

"மணி... மணி அடிக்குதா?"

"அது அப்பவே சரியாயிருச்சே சார். நீங்க அனுப்புன பெரியவரு வந்தாரே."

"நான் யாரையும் அனுப்பலையே."

"மணி நிக்கிறதுக்கு முன்னாடியே வந்துட்டாருங்க. 'அந்தப் பய ஆட் போட மாட்டாம்மா. நின்னுச்சுன்னா பத்து நிமிஷம் பொறு, தானா வந்துரும்'னாரு. ஒரே பொடி வாசம். நோட்டுல என்னமோ எழுதுனாரு. 'அவன ரோட்டுல பாத்துக் கூட்டியாரேன்'னு கெளம்பிட்டாரு."

ரேக்கின் அடியில் முட்டாகக் கிடந்த நோட்டு இப்போது ரேக்கின் மேல் விரிந்திருந்தது. புதிதாக இரண்டு வரி. முதல் வரியில் அன்றைய தேதி, சவரிராஜ், இரண்டாம் மாடி சுவிட்ச். திரும்பும் வழி: பத்து நிமிடம்.

அடுத்த வரியில் பிரசாத். இடம், பேரளி ரோடு. திரும்பும் வழி என்ற கட்டத்தில் ஒரு கோடு. தேதிக் கட்டம் காலி.

அன்றிலிருந்து பிரசாத் பெரம்பலூர் போகவில்லை. ஏழு மாதமாக ஜெனரேட்டர் அறையில் படுக்கிறான். அம்மா போன் செய்தால், "வேலை கெடக்கும்மா" என்கிறான். அந்தத் திமிர் பிடித்தவன் இப்போது ஒரு வரி அடிக்க மூன்று தடவை எழுதிப் பார்க்கிறானாம்.

போன வாரம் ஷைனி நோட்டைப் புரட்டியிருக்கிறாள். காலியாக இருந்த கட்டத்தில் மாதமும் வருஷமும் விழுந்திருக்கின்றன. நாள் மட்டும் இன்னும் இல்லை.

மாதம்... இந்த மாதம்தான்.