ஒன்பது நிமிடம் பின்னால்

காலையில் போஹா கிடைக்காத மனிதர் எவ்வளவு கோபப்படுவார் என்பதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் மருத்துவமனைக் கண்காணிப்பாளர் தினமும் சரியாகப் பத்து மணிக்குக் கேன்டீனுக்கு வருவார். பத்து மணிக்கு ஊழியர்களின் கூப்பன் இயந்திரம் தானாக நின்றுவிடும். மிச்சமிருக்கும் அவல் போஹா, மேலே தேங்காய்த் துருவலோடு, அவருக்கு. அன்று அவர் வந்தபோது இயந்திரம் இன்னும் கூப்பன் துப்பிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் கடைசித் தட்டை வாங்கிக்கொண்டு போனார். கண்காணிப்பாளர் வெறும் டீயைக் குடித்துவிட்டு, யாரோடும் பேசாமல் மாடியேறினார்.

இயந்திரத்தில் கோளாறு ஒன்றுமில்லை. அதன் கடிகாரம் ஒன்பது நிமிடம் பின்னால் ஓடியது. அப்படி ஓட வைத்தவன் நான்.

என் பெயர் லக்ஷ்மிநாராயணன். புனே ஹடப்சரில் அந்தத் தனியார் மருத்துவமனையின் கணினிகளைப் பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்வது என்றால், யாராவது “அண்ணா, ஸ்கிரீன் கருப்பா இருக்கு” என்று கூப்பிட்டால் போய் ஒயரைச் சரியாகச் செருகுவது. மராட்டிக்காரர்களுக்கும் நான் அண்ணாதான். புனேயில் தமிழனாகப் பிறந்தவனுக்கு அது தானாக வந்து சேரும் பட்டம்.

என் அறையில் ஒரு பெட்டி இருக்கிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது வெளியே, இணையத்திலுள்ள நேர சர்வர்களிடம் மணி என்ன என்று கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ளும். வருகைப் பதிவு இயந்திரம், கூப்பன் இயந்திரம், வார்டு கணினிகள் எல்லாம் அந்தப் பெட்டியிடம் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். அது சொன்னால் சொன்னதுதான். வீட்டில் எனக்கு வாய்க்காத அதிகாரம் அந்தப் பெட்டிக்கு வாய்த்திருந்தது.

இனி, அதை ஏன் தொட்டேன் என்று சொல்கிறேன். காலை ஷிஃப்டு எட்டு மணிக்கு. ஊருக்குள் கேம்ப் பகுதியிலிருந்து வரும் நர்ஸுகளுக்குப் பஸ்தான் கதி. சோலாப்பூர் சாலை நெரிசலில் அந்தப் பஸ் ஊர்ந்து வந்து சேரும்போது எட்டு ஐந்து, எட்டு ஏழு. மூன்று லேட் மார்க் விழுந்தால் அரை நாள் விடுப்பு போய்விடும். ஆரோக்கியமணி சிஸ்டருக்கு அந்த வருடம் விடுப்பு முழுவதும் இப்படியே கரைந்துவிட்டது. மகள் டானியாவின் கல்லூரிச் சேர்க்கைக்குக்கூடப் போக முடியவில்லை. வருகைப் பதிவு இயந்திரத்தில் விரலை வைத்துக்கொண்டே இதை என்னிடம் சிரித்தபடி சொன்னார். அழுதிருந்தால் ஆறுதல் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். சிரித்ததால்தான் வினை.

அன்று மத்தியானம் பெட்டியிடம், வெளியே யாரிடமும் மணி கேட்காதே என்று சொல்லிவிட்டு, ஒன்பது நிமிடம் பின்னுக்குத் தள்ளினேன். நிர்வாகத்துக்கு இதில் நஷ்டம் இல்லை. ஒன்பது நிமிடம் தாமதமாக வந்தவர்கள் ஒன்பது நிமிடம் தாமதமாகத்தான் போவார்கள். லேட் மார்க் மட்டும் விழாது. மறுநாள் போஹா தீர்ந்தது. எந்தெந்த இயந்திரமெல்லாம் என் பெட்டியை நம்பியிருக்கிறது என்பது அன்றைக்கே எனக்கு முழுமையாகத் தெரிந்தது. கூப்பன் இயந்திரத்தை மட்டும் பெட்டியிலிருந்து பிரித்து, அதன் நேரத்தைக் கையால் சரிசெய்தேன். கண்காணிப்பாளருக்குப் போஹா திரும்பக் கிடைத்தது. வார்டு கணினிகளை அப்படியே விட்டேன். பதினாறு வார்டுக்கு யார் நடப்பது?

எல்லோர் கையிலும் போன் இருக்கிறது. எல்லோருக்கும் விஷயம் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கு “அண்ணா டைம்” என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் மேஜையில் அவ்வப்போது ஒரு மாவா கேக் வந்து உட்காரும். அதைத் தின்றேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

தொலைபேசி எக்ஸ்சேஞ்ச் மட்டும் என் பெட்டியைக் கேட்பதில்லை. தொலைபேசிக் கம்பெனியின் லைனிலிருந்து அது சரியான நேரத்தை எடுத்துக்கொள்ளும். இதுவும் எனக்குத் தெரியும்.

ஏழு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. பதினேழாம் படுக்கையில் இருந்தவர் கடக்வாஸ்லா பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர். திடீரென்று மூச்சு திணறியது. ஆரோக்கியமணி சிஸ்டர் அதைக் கணினியில் பதிந்துவிட்டு, உடனே டாக்டரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். டாக்டர் நான்கு நிமிடத்தில் வந்தார். ஆசிரியர் பிழைக்கவில்லை.

ஆசிரியரின் மகன் பதிவுகளைக் கேட்டார். வார்டு கணினியில் மூச்சுத் திணறல் பதினொன்று முப்பத்தொன்று. எக்ஸ்சேஞ்சில் டாக்டருக்குப் போன அழைப்பு பதினொன்று நாற்பத்தொன்று. நடுவில் பத்து நிமிடம் அந்த நர்ஸ் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பத்தில் ஒன்பது நான் போட்டது. மீதி ஒரு நிமிடத்தில்தான் சிஸ்டர் தன் வேலையைச் செய்திருந்தார்.

கண்காணிப்பாளர் அந்த இரண்டு பதிவுத் தாளையும் கையில் வைத்துக்கொண்டு, விசாரணை வைக்கப் போவதாக வராண்டாவில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. நேராக என் அறைக்குப் போனேன். பெட்டியிடம், இனி வெளியே கேட்டுக்கொள் என்று சொன்னேன். ஒரு நொடிகூட ஆகவில்லை. கட்டடம் முழுவதும் மணி சரியாகிவிட்டது. பெட்டி தன் குறிப்பேட்டில் நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தது: கடிகாரம் ஐந்நூற்று நாற்பது நொடி முன்னே நகர்த்தப்பட்டது. அந்த வரியை அழித்தேன்.

அழிக்குமுன் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். மோசமானவன் நகல் எடுப்பானா என்று பல நாள் என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஆரோக்கியமணி சிஸ்டர் ஹிந்தியில், வார்டு கணினியில் மணி பின்னால் ஓடியது, எல்லோருக்கும் தெரியும் என்று சொன்னார். என் பெயரைச் சொல்லவில்லை. குழு அதே வார்டு வனஜா சிஸ்டரைக் கேட்டது. வனஜா தரையைப் பார்த்துக்கொண்டு, கவனித்ததில்லை என்றார். ஆமாம் என்றால் ஏழு மாத வருகைப் பதிவு முழுவதையும் கிளறுவார்கள். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்கள்.

எங்கள் கடிகாரங்கள் இணைய நேர சர்வர்களோடு இணைக்கப்பட்டவை, ஒரு நொடிகூடப் பிசகாது என்றேன். வேண்டுமானால் இப்போதே பாருங்கள் என்றேன். எல்லோரும் போனை எடுத்துச் சுவரிலிருந்த திரையோடு ஒப்பிட்டார்கள். சரியாக இருந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இதை நான் எவ்வளவு முறை எண்ணிப் பார்த்திருக்கிறேன் தெரியுமா.

ஆரோக்கியமணி சிஸ்டருக்கு வேலை போயிற்று. நர்ஸுகளின் பதிவு கவுன்சிலும் அவருடைய பதிவை நிறுத்தி வைத்தது. இருபத்திரண்டு வருட நர்ஸ் இப்போது ஒரு பார்சி அம்மாள் வீட்டில் ஆயா வேலை பார்க்கிறார். பதிவைத் திரும்பக் கொடுக்க, கவுன்சிலில் மேல்முறையீடு ஒன்றுதான் வழி. அதற்கு அவரிடம் ஆதாரம் கிடையாது. என்னிடம் இருந்தது.

எனக்கும் சமாதானங்கள் உண்டு. ஆசிரியர் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார். டாக்டரிடம் நாசூக்காகக் கேட்டுப் பார்த்தேன். மருத்துவத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நான் சொன்னால் மற்ற நர்ஸுகளும் மாட்டுவார்கள். வீட்டில் மனைவி ருக்மிணியிடம், ஒரு நண்பனுக்கு இந்த மாதிரி ஆகிவிட்டது, அவன் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டேன். அவள் சாதம் போட்டுக்கொண்டே, “உங்க ஃப்ரெண்டுக்கும் உங்களை மாதிரியே ராத்திரி தூக்கம் வரதில்லையா?” என்று கேட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேம்ப்பில் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். முந்தின நாளே கயானி பேக்கரியில் வாங்கிய கேக்கை எடுத்துக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன். சிஸ்டர் உட்காரச் சொன்னார். டீ கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், அழித்த வரி உட்பட. சிஸ்டர் முகம் மாறவில்லை. பென்டிரைவை எடுத்து மேஜையில் வைத்தேன். வைத்தேனே தவிர, கையை எடுக்கவில்லை.

“இன்னும் பதினோரு மாசத்துல எனக்கு ரிட்டயர்மென்ட், சிஸ்டர். மறுநாளே நானே கவுன்சிலுக்கு வந்து எழுதிக் கொடுத்துடறேன். சத்தியமா.”

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை நாள் ஒருவரிடமும் நேராகக் கேட்காததை அவரிடம் கேட்டேன்.

“ஆரம்பிச்சது உங்களுக்காகத்தானே? நான் கெட்டவன் இல்லைன்னு உங்களுக்குத் தெரியுமில்ல?”

எப்போதும் அண்ணா என்று கூப்பிடுகிறவர், டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சார், மணியைப் பின்னாடி தள்ளினது எங்களுக்காக. அதை நான் இல்லைன்னு சொல்ல மாட்டேன். அன்னைக்கு ஓடிப் போய்ச் சரி பண்ணினது உங்களுக்காக. இந்தப் பதினோரு மாசமும் உங்களுக்காகத்தான். கையை எடுங்க.”