நேற்றும் பதினாறு, இன்றும் பதினாறு

என் பெயர் ரஜப், தகப்பனார் பெயர் லத்தோ, வயது நாற்பத்தேழு. மாண்டார் கடற்கரையில் லம்பேயா கிராமத்தில், ஆற்று முகத்துவாரத்துக்கு வடக்கே மூன்றாவது வீட்டில் குடியிருக்கிறேன். தொழில், இரண்டு பக்கமும் கழி நீட்டி மிதவை கட்டிய சாண்டெக் பாய்ப்படகுக்குத் தலைவன். இருபத்தாறு வருடமாக அதைத்தான் செய்கிறேன், வேறு தொழில் தெரியாது. இறந்துபோன மஸ்தூர் என் தங்கை சுஹ்ராவின் கணவர். அவருடைய படகின் பக்கமிதவையைக் கட்டிய கட்டுகளை நான் அறுத்துவிட்டதாகவும், அதனால் படகு கவிழ்ந்து அவர் இறந்ததாகவும் பந்தயக் குழுச் செயலாளர் ஃபிர்மான் கொடுத்த புகாரின் பேரில் என்னைக் காவல் நிலையத்துக்கு அழைத்து வந்தார்கள். நான் அறுக்கவில்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளவும்.

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் பந்தயத்தின் முதல் ஓட்டம் நடந்தது. கொளுத்தும் வெயில். மேடையில் சுற்றும் காற்றளக்கும் மிஷின் வேகம் பதினாறு காட்டுவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எல்லாரும் பெரிய பாய் கட்டினோம். நாங்கள் காற்றை ஆளைக் கொண்டு அளக்கிறவர்கள். படகு சாயாமல் நிற்க மிதவைக் கழிமேல் எத்தனை பேர் ஏற வேண்டியிருக்கிறதோ அத்தனை ஆள் காற்று. அன்று என் படகில் நாலு பேர் கழியின் பாதித் தூரத்தில் நின்றார்கள், படகு சீராக ஓடியது. மஸ்தூர் முதலாவதாக வந்தார், நான் மூன்றாவது.

அதன் பிறகு சாயங்காலம் தொடங்கிய மழை ஞாயிறு விடிகிறவரை விடவில்லை. காலையில் மழை நின்றதும் மலைப் பக்கமிருந்து சில்லென்று காற்று இறங்கியது. ஆறு செம்மண்ணாகப் பெருகி முகத்துவாரம் தாண்டி வெகுதூரம் கடலை மூடியிருந்தது. பந்தயம் அந்தத் தண்ணீரில்தான் தொடங்க வேண்டும். என் படகை இறக்கிப் பார்த்தேன். உப்புத் தண்ணீர் வழக்கமாக நிற்கும் கோட்டுக்கு மேலே ஒரு விரல் அளவு ஆற்றுத் தண்ணீர் ஏறி நின்றது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் அளவுக்குத் தாங்காது. படகு அமிழும், ஓட்டம் மட்டுப்படும், சாயும் பக்கத்து மிதவையும் சட்டென்று எழுந்து கொடுக்காது. அதன் பிறகு பெரிய பாயை ஏற்றிக் கரையோரமாக ஒரு சுற்று ஓட்டினேன். முந்தின நாள் பாதிக் கழியில் நின்ற அதே நாலு பேர் கழியின் நுனிவரை போய் நிற்க வேண்டியிருந்தது. நுனிக்கு அப்பால் நிற்க இடம் கிடையாது. உடனே கரைக்குத் திரும்பிச் சின்னப் பாய் மாற்றினேன்.

ஈரக் காற்றுதான் கனம் என்று கரையில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அது தப்பு. மழைக்கு முந்தின புழுக்கக் காற்று லேசு, குளிர்ந்த காற்றுதான் கனம். வித்தியாசம் பெரிதில்லை என்று செயலாளர் புகாரில் எழுதியிருக்கிறார். பெரிதில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். கழியின் நுனியில் நிற்கிறவனைக் கவிழ்க்கப் பெரிது எதற்கு?

நான் பாய் மாற்றிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கியில், "காத்து பதினாறு, நேத்து மாதிரியேதான், எல்லாரும் பெரிய பாய் போடுங்க" என்று அறிவித்தார்கள். பெரிய பாயில்தான் பரிசு கொடுக்கும் கம்பெனியின் பெயர் எழுதியிருக்கிறது. படம் பிடிக்கிறவர்கள் வந்திருந்தார்கள். அதன் பிறகு நான் மஸ்தூரின் படகுக்குப் போனேன். அவரும் ஆட்களும் சுட்ட மீனோடு ஜெப்பா ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"மச்சான், சின்னப் பாய மாத்து. இது நேத்து காத்து இல்ல" என்றேன்.

"நேத்து தோத்த வயித்தெரிச்சல் இன்னும் அடங்கலையா மச்சான்? வயசாயிடுச்சு உனக்கு. கரையில உக்காந்து எங்களுக்கு ஜெப்பா சுட்டுக் குடு" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. மஸ்தூர் அப்படித்தான் பேசுவார், அதில் விரோதம் ஒன்றும் கிடையாது.

அவர் கேட்கவில்லை என்பதால் நானே பாயை அடிக்கழியோடு கட்டியிருந்த நீலக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினேன். சாட்சிகள் பார்த்தது இதைத்தான். நான் கயிற்றில் கை வைத்தது உண்மை. என் இடுப்பில் கத்தி இருந்ததும் உண்மை, கடலுக்குப் போகிறவன் இடுப்பில் கத்தி இல்லாமல் போகமாட்டான். மூன்று முடிச்சு அவிழ்த்தபோது செயலாளர் மேடையிலிருந்து இறங்கி வந்தார்.

"ரஜப் அண்ணே, அடுத்தவன் படகுல உங்களுக்கு என்ன வேலை? மிஷினு பதினாறுங்குது. நீங்க மிஷினவிடப் பெரிய ஆளா?"

"மிஷினு ஓட்டத்த அளக்குது தம்பி. கனத்த யாரு அளக்குறது?"

அவர் இரண்டு பேரை விட்டு என்னைப் பிடித்து இறக்கினார். மஸ்தூர் மூன்று முடிச்சையும் திரும்பப் போட்டுக்கொண்டார்.

அதன் பிறகு ஒன்பது மணிக்கு ஓட்டம் தொடங்கியது. செந்தண்ணீரைத் தாண்டுவதற்கு முன்பே மஸ்தூரின் ஆட்கள் ஐந்து பேரும் கழி நுனியில் நெருக்கியடித்து நிற்பதைப் பின்னால் வந்த நான் பார்த்தேன். கத்தினேன், கேட்டிருக்காது. ஒரு வீச்சு வந்தது. சாய்ந்த பக்கத்து மிதவை முழுதாக அமிழ்ந்து, கட்டு தெறித்து, படகு புரண்டது. பாய்மரம் மஸ்தூரின் பின்தலையில் விழுந்தது. நான் ஓட்டத்தை விட்டுத் திருப்பி ஐந்து பேரை ஏற்றினேன். ஆறாவதாக அவரையும் ஏற்றினேன். கரை சேருவதற்குள் என் மடியில் போய்விட்டார்.

மேஜைமேல் வைத்திருக்கும் அறுந்த மிதவைக் கட்டின் நுனியை ஆய்வாளர் கையில் எடுத்துப் பார்க்கவும். மிதவையைக் கட்டுவது வெள்ளைத் தங்கூசி நரம்பு. நான் தொட்டது நீலக் கயிறு. கத்தி பட்ட தங்கூசியின் நுனி நேராக இருக்கும், இழுபட்டு அறுந்தது சுருண்டு நிற்கும். இது சுருண்டு நிற்கிறது.

அறுக்காதவனுக்குக் கவிழப்போவது எப்படி முன்கூட்டியே தெரியும் என்று புகாரில் கேட்டிருக்கிறார்கள். ஆய்வாளர் என்மேல் இரக்கப்பட்டு, "'ஏதோ தோணுச்சு, சொன்னேன்'னு சொல்லிட்டுப் போங்க. வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். சொல்லமாட்டேன். எனக்குத் தோன்றவில்லை, தெரியும். தெரியாது என்று நான் கையெழுத்துப் போட்டால், அடுத்த வருடமும் மழைக்கு மறுநாள் பதினாறு என்று அறிவித்துப் பெரிய பாய் கட்டச் சொல்வார்கள். அதற்கு என்னைச் சிறையில் போடுவது மேல்.

ஒரு விஷயம் புகாரில் இல்லை, நானே சொல்கிறேன். அடக்கம் முடிந்து வந்தபோது என் தங்கை என் சட்டையைப் பிடித்து, "தெரியும்ல உனக்கு? கத்தி இடுப்புலதான இருந்துச்சு? பாயக் கிழிச்சுப் போட்டிருக்க வேண்டியதுதான அண்ணே!" என்று கேட்டாள். அந்தப் பாய் அவள் தன் கையால் தைத்தது. அதில் கத்தி வைக்க எனக்கு மனம் வரவில்லை, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

அறுத்தேன் என்று என்மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பாயை அறுக்கவில்லை என்று வழக்குப் போடட்டும், ஒத்துக்கொள்கிறேன்.

இது எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டப்பட்டது. "தெரியும்" என்ற சொல்லை அடிக்கச் சொன்னார்கள், மறுத்தேன். எழுதியிருப்பது அத்தனையும் நான் சொன்னது, சொன்னது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) ரஜப்