கப்பலில் வந்த காராமணி

காராமணியில் வண்டு விழுவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். வெயிலில் காயவைத்துப் புடைத்துவிட்டால் ஒரு குடும்பத்துக்குப் போதும். கப்பலில் வந்த விதைக்கு அது போதாது, ஐயா. நம் ஊர் வண்டு வேறு, அந்த வண்டு வேறு. விதைக்குள்ளேயே குடியிருக்கும், வெளியே ஓட்டைகூடத் தெரியாது. அதனால்தான் விதைப்புக்கென்று வரும் மூட்டை முதலில் விஷவாயு அறைக்குப் போகவேண்டும் என்று சட்டம். வாயுவைத் திறந்துவிட்டால் ஒரு நாள் முடியும்வரை கதவைத் திறக்கக்கூடாது என்பதும் சட்டம். கும்மிடிப்பூண்டியில் இந்தக் கிடங்கு எழுபத்து மூன்றில் திறந்ததிலிருந்து அந்த அறைக்கு நான்தான் பொறுப்பு.

தேசப்பன் இங்கே மூட்டை தூக்குகிறவன். சோழவரத்தில் கொஞ்சம் நிலம் வைத்திருந்தான். நல்ல உழைப்பாளி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வாயு போடுவதற்கு முன்பே மூட்டையில் கைவிட்டு, மடியில் விதை கட்டிக்கொண்டு போவான். வாயு பட்டால் முளைக்காது என்று அவனுக்கு ஒரு நினைப்பு. முன்பு ஒருமுறை கையும் களவுமாகப் பிடித்தேன்.

"ஒரு பிடி வெதைக்கு இன்னாத்துக்கு சார் பேஜாரு பண்றீங்க?" என்று சிரித்தான்.

அவன் தோட்டத்தில் தொடங்கிப் பள்ளிப்பட்டு வரை ஜில்லா முழுக்க வண்டு பரவ அந்த ஒரு பிடி போதும்.

அன்று மூட்டைகளை அடுக்கிவிட்டு மற்ற ஆட்கள் நாஷ்டாவுக்குப் போனார்கள். அவன் மட்டும் பின்தங்கி, அறைக்குள் ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் அதட்டவில்லை. கதவை மூடித் தாழ்ப்பாளை முறுக்கினேன்.

உடனே தட்டினான். "சார், நான் உள்ள கீறேன் சார். வெதைய கொட்டிட்டேன், தொறங்க சார்."

பயமுறுத்தத்தான் மூடினேன் என்று வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள உங்களுக்கு ஆசை. அப்படி இல்லை. திறந்தால் காலில் விழுவான், அழுவான், அடுத்த கப்பல் வந்ததும் மறுபடி மடியில் கட்டுவான். நான் வாயுவைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றது.

மத்தியானம் அவன் மனைவி குப்பாயி தூக்குச்சட்டியோடு வாசலுக்கு வந்தாள். "எங்க ஊட்டுக்காரரு எங்க சார்?"

"மெட்ராஸுக்கு ஆபீஸ் வேலையா அனுப்பியிருக்கேன்மா."

"அப்போ இத்த நீங்களாவது துன்னுங்க சார்" என்று கொடுத்துவிட்டுப் போனாள். சோற்றை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. சாப்பிட்டேன்.

மறுநாள் நேரம் முடிந்த பிறகு நானே திறந்தேன். மூட்டைகளில் ஒரு வண்டுகூட உயிரோடு இல்லை. அவன் மடியிலும் விதை இல்லை. சொன்னபடி கொட்டித்தான் இருந்தான். அதற்கு வருத்தம் உண்டு. ஆனால் சட்டப்படி பாருங்கள், ஐயா. நடுவில் அந்தக் கதவைத் திறந்திருந்தால்தான் நான் குற்றவாளி.