படியாத மணல்

...எடுத்த எடுப்புலயே கம்ப்யூட்டர்ல கோளாறு இல்லன்னு சொல்லாதீங்கண்ணே! ரிப்பேர் பாக்க வந்து, மூடியத் தொறந்து ரெண்டு நிமிஷம் ஆகல, அதுக்குள்ள பையத் தூக்கறீங்களே. உக்காருங்க. இருபத்திரெண்டு நாளா விடாம ஓடுது, தெரியுமா?

என்ன ஓடுதுன்னா... கெட்டியான எண்ணெய்ல மணலப் போட்டா அடியில படிய எவ்வளவு நேரமாகும்? அவ்வளவுதான் கேள்வி. எங்க வீட்டுக்காரர் பக்கத்து லேப் ரூம்ல நிஜ எண்ணெய், நிஜ மணல், கண்ணாடிக் குழாய்னு வச்சுப் பாக்கறார். நான் கம்ப்யூட்டர்ல ஒரு தொட்டி போட்டு, பத்தாயிரம் மணல் துகளக் கணக்குலயே மிதக்க விட்டுப் பாக்கறேன். அவருக்கு நாப்பது நிமிஷத்துல படியுது. எனக்கா, ஒண்ணே ஒண்ணுகூடப் படியல!

அப்ப யாரு தப்பு? கணக்கு பொய் சொல்லுமா, நீங்களே சொல்லுங்க. அவருக்குக் கழுவற வேலையே வராதுண்ணே. பாத்திரத்துல பாதி சோப்ப அப்படியே விட்டுட்டு வருவார். குழாய்லயும் சோப்பு இருக்கு, அதான் மணல் படியுதுன்னு எங்க புரொபசருக்கே எழுதிப் போட்டேன். அதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டார் மனுஷன். பதினோரு தடவ கழுவி, பதினோரு தடவையும் அதே நாப்பது நிமிஷம்! பிடிவாதத்தப் பாருங்க. மூணு நாளா பேச்சே இல்ல. சாப்பிடக் கூப்பிட்டா மட்டும், "கைய நல்லாக் கழுவிட்டு வரேன்"னு ஒரு குத்தல்.

இன்னிக்கு மூணு மணிக்கு, "தப்பு என்னோடதுதான்"னு புரொபசர்கிட்ட ஒத்துக்கப் போறாராம். ஏழு மாச வேலை குப்பைக்குப் போகுது. எனக்கு மட்டும் சந்தோஷமா? அதான் மெஷினையும் ஒரு வாட்டி பாத்துரலாம்னு...

ஆங்? மணல் விழறத ஸ்கிரீன்ல படமாக் காட்டணுமா? இதோ. இந்தச் சிவப்புத் துகள மட்டும் பாருங்க... எறங்குது... எறங்குது... என்ன கேட்டீங்க? தொட்டிக்கு அடி எங்கயா? அடி வந்து... இருங்க. ஒரு பக்கம் வெளிய போனா எதிர்ப்பக்கமா உள்ள வரட்டும்னு புரோகிராம்ல நாந்தான் எழுதினேன். பக்கவாட்டுக்கு! எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. ஆனா மேலயும் கீழயும் அதையே... அய்யய்யோ, அதே சிவப்பு மேலருந்து வருதே! அடியே வைக்கலண்ணே! இருபத்திரெண்டு நாளா விழுந்துக்கிட்டேதான் இருக்கு!

அண்ணே, அண்ணே, உங்க ரிப்பேர் சீட்டுல மெஷின் கோளாறுன்னு ஒரே ஒரு வரி... அண்ணே! கதவத் தொறந்து போட்டுட்டு எங்க போறீங்க?

அய்யோ, அதோ எங்க வீட்டுக்காரர், குழாயும் கையுமா புரொபசர் ரூமுக்குப் போறாரே... ஏங்க! ஏங்க, நில்லுங்க! உள்ள போகாதீங்க! படியுதுங்க... நாப்பதே நிமிஷந்தாங்க!