எலிக்குத்தான் முதலில்

அடுத்த வீட்டுப் பெண்ணின் வயிற்றுவலி உனக்கு எதற்கடி? சரி, கேட்டுத் தொலை, ஆனால் உன்னோடேயே வைத்துக்கொள். செஞ்சியில் ஏறிய பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவளும் அவள் அம்மாவும், ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா ஒரு மருந்தாம், எனக்குக் கர்ப்பப்பைக்கு வெளிய வளர்ற சதைய மட்டும் தேடிப்போயி சுட்டுடுமாம்மா. கண்ணுக்கே தெரியாத துகளாம், நானோன்னாங்க."

"அதையே போடச் சொல்றதுதான?"

"இப்பதான் எலிக்குப் போட்டுப் பாக்கறாங்களாம்."

"எலிக்கு இன்னாடி அவசரம்? அதுக்கு மாமியாரா இருக்கா?"

மகள் சிரித்தாள். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"நமக்கு எப்ப வருமாம்?"

"தெரியாதாம். வலி தாங்கலன்னா பையையே எடுத்துடலாமாம். எனக்குப் புள்ள வேணும்மா."

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க வீட்ல கேட்டா சூடுன்னு சொல்லு. தொப்புள்ல வெளக்கெண்ண வெச்சிக்க."

சிங்கவரத்தில் இறங்கியதும் தெருப் பெண்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அந்தப் பொண்ணுக்கு இன்னாவாம் ஆயா?"

"சூடுதான்டி. வெளக்கெண்ண வெச்சா போயிடும்" என்றேன்.