ஆள் இறங்கக் கூடாது

எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பது என் பழக்கம். பெருமாட்டியில் வீட்டைப் பூட்டிக் கிளம்பினால் பாதி வழியில் சந்தேகம் வந்துவிடும். திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தால்தான் மனசு அடங்கும். "பூட்டைக் கழுத்துல மாட்டிட்டே போயேன்டா நவீனு," என்பாள் என் அக்கா தமிழ்ப்ரியா. அதனால் நான் சொல்வதில் ஏதாவது விட்டுப்போகும் என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம், சார்.

தணிக்கை அலுவலகத்தில் கொள்முதல் பிரிவு என்னுடையது. மற்ற அலுவலகங்கள் டெண்டரில் செய்யும் தப்பைக் கண்டுபிடித்து எழுதுகிற இடம் அது. அப்படிப்பட்ட இடம் தனக்கென்று ஒரு நாற்காலி வாங்கினாலும் அதில் பிசகு இருக்கக் கூடாது. எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சித்தூரில் மாலை வகுப்புக்குப் போய் இலாகாத் தேர்வுக்குப் படித்தேன். கொள்முதல் விதிகள்தான் எனக்குப் பிடித்த பாடம். மனிதர்களைப் பற்றி முடிவெடுக்கும்போது நான் தடுமாறுவேன். விதி இருந்தால் தடுமாற வேண்டியதில்லை.

அலுவலகத்தின் பின்புறம் செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்தது. சுத்தம் செய்ய டெண்டர் விட்டோம். இயந்திரத்தால் மட்டுமே எடுக்க வேண்டும், எந்த நிலையிலும் ஆள் உள்ளே இறங்கக் கூடாது, மீறினால் ஒப்பந்தம் ரத்து என்ற நிபந்தனையை எழுதியவன் நான். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். என் மேலதிகாரி கௌரி மேடம், கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர், அதைப் படித்துவிட்டு, "நன்னா எழுதிருக்கே நவீன். இனி ஒருத்தரும் வாய் திறக்க முடியாது," என்றார்.

இரண்டு பேர் விலைப்புள்ளி கொடுத்தார்கள். ஒருவர் வேலந்தாவளத்துக்காரர். அவரிடம் இறுகிய சகதியையும் உறிஞ்சும் பெரிய இயந்திரம் இருந்தது. ஆனால் அவர் ஒரு பக்கத்தில் கையெழுத்துப் போட மறந்திருந்தார். எல்லாப் பக்கத்திலும் போட வேண்டும். இரண்டு தடவை பார்த்துவிட்டுத் தள்ளினேன். மிஞ்சியவர் கோபிநாத். அவருடைய லாரிக் குழாய் தண்ணீரை மட்டும்தான் இழுக்கும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சக்தியுள்ள இயந்திரம் என்று நிபந்தனையில் நான் எழுதவில்லை. எழுதாததை வைத்து ஒருவரைத் தள்ள முடியாது.

வேலை மார்ச் கடைசி நாளுக்குப் போய் விழுந்தது. அன்றே முடித்துக் கையெழுத்து வாங்காவிட்டால் ஒதுக்கிய பணம் திரும்பிப் போய்விடும். என் பிரிவில் பணம் திரும்பினால், அடுத்த மாதம் நிரந்தரமாக வேண்டிய என் வேலைக்கு அது ஒரு கரும்புள்ளி. கோபிநாத்தின் லாரி தண்ணீரை இழுத்துவிட்டு நின்றது. அடியில் சகதி களிமண்ணாகக் கிடந்தது. அவருடைய ஆள் ரமேஷ்குமார் சட்டையைக் கழற்றினார்.

"ஆள் இறங்கக் கூடாதுங்க. நிபந்தனை இருக்குதுங்க," என்றேன்.

"நிபந்தனை இறங்கி அள்ளுமாங்க சார்?" என்றார் கோபிநாத்.

ரமேஷ்குமார் சிரித்தார். "ஏனுங்க சார், நீங்க பெருமாட்டிங்களாமா? என்ற பொண்டாட்டி ஊரு அதுதானுங்க. உங்கூரு மாப்பிள்ளையக் காட்டிக் குடுத்துராதீங்க. அந்தப் பக்கமாத் திரும்பி நில்லுங்க. பாக்காதது எப்புடிங்க குத்தமாகும்?"

எங்கள் தொழிலிலும் அப்படித்தான். பார்த்ததைத்தான் எழுதுவோம். திரும்பி நின்றேன். ஏணி கிறீச்சிட்டது. கோபிநாத் வாளியை இழுத்து இழுத்து டிரம்மில் கொட்டும் சத்தம் கேட்டது.

டிரம்மை ஏற்ற ஒரு சின்ன லாரியைக் கொண்டுவரக் கோபிநாத் போன நேரத்தில், கௌரி மேடம் திருவனந்தபுரத்திலிருந்து வந்த அதிகாரியோடு பின்வாசலில் தெரிந்தார். குழிக்குள் ஆளைப் பார்த்தால் ஒப்பந்தம் ரத்து. ரத்துச் செய்யச் சொல்வது நான் எழுதிய வரி. மேலே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரமேஷ்குமார் ஏறியிருப்பார். அதற்கு நேரமும் இருந்தது. ஆனால் இடுப்புவரை சகதியோடு ஒரு ஆள் வெளியே நிற்பதும் அதே சாட்சிதான். ஏணியை உருவிச் சுவரில் சாய்த்தேன். "கொஞ்ச நேரம் சத்தம் போடாதீங்கண்ணா," என்று சொல்லி இரும்பு மூடியை இழுத்துப் போட்டேன்.

அதிகாரி மூடிக்குப் பக்கத்தில்தான் நின்றார். நாற்றமே இல்லையே என்று மலையாளத்தில் பாராட்டினார். அப்போது கீழே தட்டும் சத்தம் கேட்டது. என்ன சத்தம் என்றார். பம்பு சார், என்றேன். கொஞ்ச நேரத்தில் தட்டுவது நின்றுவிட்டது. ரமேஷ்குமார் நிலைமையைப் புரிந்துகொண்டார் என்று நினைத்தேன். விவரமான மனிதர் அவர்.

கோபிநாத் வந்து மூடியைப் பார்த்தார். ஆள் ஏறிக் குளிக்கப் போய்விட்டான் என்று நினைத்து டிரம்மை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். அவர் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொல்லவில்லை.

கையெழுத்துக்காக மாடிக்குப் போனோம். கௌரி மேடம் டீ வரவழைத்தார். "ஆள் ஒருத்தரும் இறங்கலையே?" என்று கேட்டார். "நான் பாக்கல மேடம்," என்றேன். அது பொய் இல்லை. ரமேஷ்குமார் இறங்கும்போது நான் திரும்பித்தான் நின்றேன்.

மூடி திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். மூடியைப் போட்டவன் நான். ஆனால் வேலந்தாவளத்துக்காரர் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. அவரை நீங்கள் இன்னும் விசாரிக்கவில்லை.

நான் மறுபடி டேங்குக்குப் போனதைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொல்கிறார். போனது உண்மைதான். டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இறங்கிப் போய், மண்டியிட்டு, மூடியில் காது வைத்தேன். சத்தமில்லை. எழுந்து அதை ஒரு தடவை மிதித்துப் பார்த்தேன். சரியாக உட்கார்ந்திருந்தது. மனசு அடங்கியது. மேலே போய் மிச்ச டீயைக் குடித்தேன்.