சந்துக்குள் நுழையும் வண்டி

தேவதாஸ்: எனக்குச் சரியா ஞாபகம் இல்ல சூசை... கார் வாங்கலாம்னு நானா சொன்னேன்?

சூசையம்மாள்: நீதான்யா சொன்ன. போன மழையில, நண்டு கோணியில தண்ணி சொட்டுதுன்னு கண்டக்டர் என்னை நடுரோட்டுல இறக்கி விட்டான். கோணியோட நனைஞ்சு வந்து நின்னேன். அப்போ சொன்ன.

தேவதாஸ்: சொல்லியிருப்பேன். ஆனா கார்னுதான சொன்னேன்? இது இன்னா... தீப்பெட்டிக்குச் சக்கரம் வெச்ச மாதிரி கீது?

ஹேமந்த்: அப்படிச் சொல்லாதீங்க மாமா. பொன்னேரியில இருந்து ஓட்டிக்கினு வந்தேன். பெட்ரோல் முள்ளு அசையவே இல்ல.

தேவதாஸ்: முள்ளு கெட்டுப் போயிருக்கும்டா. அக்கா புள்ளையா இருந்தா இன்னா, பழைய கார் விக்கிறவன் வேற எப்படிப் பேசுவ?

ஹேமந்த்: என் டிரைவிங் ஸ்கூல்ல பழக வர்றவங்களுக்கு நான் ஓட்டக் கத்துக் குடுத்த வண்டி இது. லிட்டருக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல தரும். உங்க மோட்டார் போட்டு ஒரு நாள் குடிக்கிற எண்ணெயில இது ஒரு வாரம் ஓடும்.

தேவதாஸ்: போட்டு கடலுக்குப் போவுது. இது கடைக்குத்தான் போவும்.

சூசையம்மாள்: கடைக்கு இல்ல, பொன்னேரிக்கு. நண்டு கம்பெனி லாரி வெயில் ஏறுறதுக்குள்ள கிளம்பிடும். இன்னிக்கும் செத்த நண்டு வந்தா இனிமே அந்த இன்னொரு நண்டுக்காரி முனியம்மாள்கிட்டயே எடுத்துக்கறோம்னு போன்ல சொல்லிட்டான். அப்புறம் நான் பழையபடி ஏரித் தண்ணியில உக்காந்து கையால தடவி எறா புடிக்க வேண்டியதுதான்.

தேவதாஸ்: வாங்கறது வாங்கற... உன் தம்பி பிரதாப்பு வாங்கினான் பாரு, அது வண்டி! ஏறி உக்காந்தா ஊரே தெரியும்.

சூசையம்மாள்: ஊரு தெரியும், வீடு தெரியாது. பாலத்துக்கு அந்தாண்டயே நிறுத்திட்டு, பொட்டியத் தலையில வெச்சிக்கினு நடந்து வரான். அதுக்கு எதுக்கு காரு?

ஹேமந்த்: பெட்ரோல் பங்குல அவர் மூஞ்சியப் பார்க்கணும் அத்தே...

சூசையம்மாள்: இது பாரு, நம்ம வாசல் வரைக்கும் வந்து நிக்குது. ரெண்டு பக்கமும் வலை காயுது. ஒரு கண்ணி சிக்கல.

தேவதாஸ்: முட்டி இடிக்கும்.

சூசையம்மாள்: உக்காந்து பாத்தியா?

தேவதாஸ்: உக்காந்து... பாக்காமலே தெரியும்.

சூசையம்மாள்: அப்படியா. சரி ஹேமந்து, முன்னாடி இங்க நசுங்கி கீதே, இது எப்படி?

ஹேமந்த்: அது... லைசென்சு டெஸ்ட்டு அன்னிக்கு ஒருத்தர்... வழிக்கு அடையாளமா வெச்சிருந்த டிரம்முல விட்டுட்டாரு அத்தே.

தேவதாஸ்: பழைய கதை இப்ப எதுக்குடா?

சூசையம்மாள்: சொல்லட்டுமே. எப்படி விட்டாரு?

ஹேமந்த்: லெஃப்டுல திருப்பச் சொன்னாங்க. அவரு ரைட்டுல திருப்பிட்டாரு.

சூசையம்மாள்: கிறுக்கனா அவன்?

தேவதாஸ்: கிறுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல! போட்டு மோட்டார் பிடிச்ச கை அது. கைப்பிடிய இந்தாண்ட தள்ளினா போட்டு அந்தாண்ட திரும்பும். சின்ன வயசுல இருந்து பழகின கை, தானா போவுது... அந்த ஆளுக்கு.

சூசையம்மாள்: அந்த ஆளு போட்டு ஓட்டுறவருன்னு ஹேமந்து சொல்லவே இல்லியே. சரி. பஸ்ஸு போயிடுச்சு. நண்டு கோணியில கீது. வண்டிய எடு.

தேவதாஸ்: நானா? ஹேமந்து எடுப்பான்.

ஹேமந்த்: நான் எடுக்கறேன் அத்தே, வாங்க.

சூசையம்மாள்: இன்னிக்கு நீ எடுப்ப. நாளைக்கு? வீட்டுல வண்டிய வெச்சிக்கினு தினம் எவனையாவது கூப்பிட்டுக்கினு இருக்கணுமா?

தேவதாஸ்: அதான் வேணாங்கறேன். பஸ்ஸே போதும். கண்டக்டர்கிட்ட நான் பேசறேன்.

சூசையம்மாள்: பயமா கீதா?

தேவதாஸ்: யாருக்கு? எனக்கா? எத்தினி அலையப் பாத்தவன்...

சூசையம்மாள்: கேட்டேன். அவ்ளோதான்.

தேவதாஸ்: ...அலை வந்தா கை தானா வேலை செய்யும் சூசை. இதுல அந்தக் கைதான் எனக்கு எதிரி. உனக்குத் தெரியாம கத்துக்கப் போனேன். டெஸ்ட்டுக்கும் போனேன். அந்த டிரம்மு நான் விட்டதுதான். சுத்தி நின்ன பசங்க கை தட்டிச் சிரிச்சாங்க. இந்தச் சந்துல, வலை மேல, எவன் புள்ள மேலயாவது விட்டா? வண்டி சின்னதுன்னு சொன்னது சும்மா. வண்டி நல்ல வண்டிதான். நான்தான் அதுக்கு ஆவல.

ஹேமந்த்: மாமா...

தேவதாஸ்: நீ சும்மா இருடா. இப்ப நல்லா சிரி சூசை.

சூசையம்மாள்: சிரிக்கல. அன்னிக்கும் நான் சிரிக்கல.

தேவதாஸ்: அன்னிக்கா? என்னிக்கு?

சூசையம்மாள்: ஹேமந்து, சொல்லிடட்டுமா?

ஹேமந்த்: சொல்லிடுங்க அத்தே. ரெண்டு பேரும் தனித்தனியா என்கிட்ட சத்தியம் வாங்கிக்கினு... இத்தினி நாளா வாயக் கட்டிக்கினு இருந்ததுல எனக்குச் சோறு எறங்கல. ஒரே நாள்ல தேதி விழுந்தது என் தப்பும் இல்ல.

தேவதாஸ்: இன்னா சொல்றான் இவன்?

சூசையம்மாள்: நீ டிரம்முல விட்டுட்டுத் தலையக் குனிஞ்சிக்கினு போன பாரு... அடுத்து ஏற, முக்காடு போட்டுக்கினு ஒரு பொம்பள நின்னா. அது நான்தான்யா. நீ நசுக்கின இதே வண்டியத்தான் ஓட்டினேன். எந்த மோட்டாரும் பிடிக்காத கை பாரு, சொன்ன பக்கம் திரும்புச்சு. பாஸ் பண்ணிட்டாங்க. லைசென்சு இதோ, சுருக்குப் பையில கீது. நீயா ஒரு நாள் என்கிட்ட சொல்லுவேன்னு காத்துக்கினு இருந்தேன். இனிமே நண்டு காத்துக்கினு இருக்காது. கோணி பின்னாடி, ஹேமந்து கோணி பக்கத்துல. நீ எனக்கு இந்தாண்ட ஏறு. முட்டி இடிச்சா சீட்டப் பின்னால தள்ளிக்க.